வேலையை விட்டுவிட்டு கோடிங் படிக்கலாமா? – கடிதம்

வணக்கம் சார்,

அவிநாசிப் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பது வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு எடுக்கிறேன். சம்பளம் 19,000. மகள் அதே பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். டீச்சர் பிள்ளை என்பதால் பாதி ஃபீஸ். கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்.

கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம் ஆறு மாத ஃபுல் ஸ்டாக் வெப் டெவலப்மென்ட் பூட்கேம்ப் (ஒரு இணையதளத்தை முழுதாக உருவாக்கக் கற்றுத்தரும் தீவிரப் பயிற்சி) நடத்துகிறது. கட்டணம் 1,40,000. தவணையில் கட்டலாம், நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள். பகல் வகுப்பு என்பதால் பள்ளியை விட்டாக வேண்டும். “டீச்சருன்னா ஊருக்குள்ள ஒரு மருவாதி இருக்குது கண்ணு, அதைய எதுக்கு உடறே?” என்கிறார் அத்தை. எனக்கு 33 வயது. மாற முடியுமா? எந்த லேப்டாப் வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்,

மாற முடியும். ஆனால் வேலையை விட்டுவிட்டு, கடனும் வாங்கி, இந்தப் பயிற்சியில் சேராதீர்கள்.

அங்கே சொல்லித்தரப் போகிற பாடம் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் ரியாக்ட், நோட் ஜேஎஸ், ஒரு டேட்டாபேஸ், கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட். இவற்றில் பெரும்பகுதியை ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் பயிற்சிகளோடு வரிசையாகப் படிக்கலாம். 2014இல் அதைத் தொடங்கிய குவின்சி லார்சன் ஆசிரியராகவும் பள்ளி நிர்வாகியாகவும் இருந்தவர். முப்பது வயதையொட்டித்தான் கோடிங் பக்கம் வந்தார். எனவே 33 என்பது ஒரு பிரச்சினையே இல்லை.

பூட்கேம்ப்புக்குக் காசு கொடுத்து வாங்குவது இரண்டு விஷயம்: தினமும் உட்கார ஒரு நேரம், சிக்கிக்கொண்டால் பக்கத்தில் வந்து பார்க்க ஓர் ஆள். அதை வீண் செலவு என்று சொல்லமாட்டேன். திருத்த வேண்டிய பேப்பர், அடுப்படி, பிள்ளையின் வீட்டுப்பாடம் இவற்றுக்கு நடுவே தனியாகப் படித்து முடிப்பது கஷ்டம். ஆனால் அதற்கு 1,40,000 தரலாமா என்பதை வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு நாள் டெமோ கேட்டு, கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பயிற்றுநர் பேசுவதைக் கவனிக்க வேண்டாம், மாணவர்களின் திரைகளைப் பாருங்கள். அவர் அடிப்பதைப் பார்த்து அப்படியே அடிக்கிறார்களா? ஒருவருக்குப் பிழை வந்தால் அவர் வந்து கீபோர்டைப் பிடுங்கித் தானே திருத்திவிடுகிறாரா, இல்லை எங்கே போச்சு என்று கேட்கிறாரா? நல்ல வகுப்பு எது என்று ஒன்பது வருட டீச்சருக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மற்ற விண்ணப்பதாரர்களுக்கு அந்தக் கண் கிடையாது.

நூறு சதவீதம் என்றால் யாரில் நூறு என்று கேளுங்கள். சேர்ந்தவர்களிலா, முடித்தவர்களிலா, கடைசியில் ‘தகுதியானவர்கள்’ என்று அவர்களே பொறுக்கியெடுத்தவர்களிலா? பகுதியைச் சுருக்கிக்கொண்டே போனால் எந்தப் பின்னத்தையும் ஒன்றாக்கிவிடலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அமெரிக்காவில் லாம்ப்டா ஸ்கூல் என்று ஆரம்பித்துப் பிறகு ப்ளூம்டெக் என்று பெயர் மாறிய பூட்கேம்ப், 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்தது. முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த கணக்கில் அது ஐம்பதை ஒட்டியும் சில சமயம் முப்பது வரை இறங்கியும் இருந்ததாகச் சொல்லி, 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது.

தவணை விஷயமும் அப்படித்தான். பெரும்பாலும் அது பயிற்சி நிறுவனம் தரும் தவணை கிடையாது. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் எழுதி, பணத்தை மொத்தமாக அவர்களிடம் கொடுத்துவிடும். இரண்டாம் மாதம் நீங்கள் நின்றுவிட்டாலும் இஎம்ஐ நிற்காது. கட்டாவிட்டால் உங்கள் சிபில் ஸ்கோர்தான் அடிபடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் பயிற்சி முடிந்ததும், “ரெஸ்யூமேயில் மூன்று வருட டெவலப்பர் அனுபவம் போட்டுக்கொள்ளுங்கள், லெட்டர் நாங்கள் தருகிறோம்” என்பார்கள். செய்யாதீர்கள். பள்ளியில் உங்களுக்கு பிஎஃப் பிடித்திருந்தால், அந்தக் கணக்குக்கான யுஏஎன் எண்ணில் எந்த மாதம் எங்கே வேலை பார்த்தீர்கள் என்பது முழுக்க இருக்கும். பல கம்பெனிகள் அதைப் பார்க்கின்றன. அப்படியே மாட்டாவிட்டாலும், அந்த ஒன்பது வருடத்தை எதற்காக மறைக்க வேண்டும்?

வேலை நிலவரம் சுமார்தான். கோவையில் ஐடி கம்பெனிகள் இருக்கும் சரவணம்பட்டியிலும் டைடல் பார்க்கிலும் தொடக்கநிலை வேலைக்கு நிற்பவர்கள் 22 வயதுப் பிள்ளைகள். நம் பக்கம் பொறியியல் கல்லூரி இல்லாத திசை கிடையாது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, புதியவர்களிடம் தள்ளிவிடுகிற சின்னச் சின்ன வேலைகளை இயந்திரமே எழுதுகிறது. ஆனால் எழுதியதில் எந்த வரி தப்பு என்று ஓர் ஆள் படித்துப் பார்த்தாக வேண்டும். விடை தப்பாக இருந்தாலும் மாணவன் எந்த ஸ்டெப்பில் சறுக்கினான் என்று பார்த்து மார்க் போடுகிறவர் நீங்கள். டீபக்கிங், அதாவது கோடில் பிழையைத் தேடித் திருத்துவது, கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

அதனால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே மூலதனமாக்குங்கள். பயிற்சிக்காக எல்லாரும் செய்கிற கால்குலேட்டர், டூ-டூ லிஸ்ட் வேண்டாம். காலையில் யாராவது லீவு போட்டால் வைஸ் பிரின்சிபால் நோட்டைத் திறந்து சப்ஸ்டிட்யூஷன் போடுவாரே, அதைத் தானாகப் போடும் ஒரு வெப் பக்கம் செய்யுங்கள். அன்று யாருக்கு எந்த பீரியட் காலி, நேற்று மாட்டிக்கொண்டவரே இன்றும் மாட்டக்கூடாது, முடிந்தவரை அதே பாட ஆசிரியர் போக வேண்டும், பத்து மணிக்கு இன்னொருவரும் பர்மிஷன் கேட்டால் பட்டியல் மாற வேண்டும். இதை முழுதாக முடித்தால் டேட்டாபேஸும் வந்துவிடும், லாஜிக்கும் வந்துவிடும்.

அடுத்தது வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் கணவர் ஒவ்வொரு ஆர்டருக்கும் எக்செல்லில் ‘டி அண்ட் ஏ’ ஷீட் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற டைம் அண்ட் ஆக்‌ஷன் அட்டவணை) வைத்து, நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), கட்டிங், தையல், பேக்கிங் என்று தேதிகளைத் துரத்திக்கொண்டிருப்பார். டையிங் மூன்று நாள் தள்ளினால் பின்னால் எதெல்லாம் தள்ளும் என்று காட்டும் ஒரு பக்கம் செய்து அவர் முன்னால் வையுங்கள். பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்துதரும் சின்ன நிறுவனங்கள் திருப்பூரிலேயே இருக்கின்றன. கோவையின் பெரிய கம்பெனிகளைவிட அங்கே உங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. காம்பாக்டிங் என்றால் என்னவென்று அங்கே யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும் வரை மாலையில் இரண்டு மணி நேரம் இதைச் செய்யுங்கள். அதற்குள் சப்ஸ்டிட்யூஷன் பக்கம் ஓடினால் வேலை தேடலாம். மாலை வகுப்போ வார இறுதி வகுப்போ கிடைத்தால் சேரவும் செய்யலாம். ஓடாவிட்டால் மகளின் பாதி ஃபீஸ் பத்திரமாக இருக்கும். ஒரிஜினல் சான்றிதழ்கள் பள்ளியில் இருந்தால், ராஜினாமா பேச்சை எடுப்பதற்கு முன்பே ஏதாவது காரணம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை சொல்வதில் நியாயம் உண்டு. ஊர் உங்களுக்குத் தருகிற மரியாதை நிஜம்தான். மே மாத வெயிலில் அட்மிஷன் பிடிக்க டீச்சர்களை வீடு வீடாக அனுப்புகிற பள்ளிகள் அதில் பாதியாவது தந்தால், இந்தக் கடிதமே வந்திருக்காது.

லேப்டாப்புக்குப் பெரிதாகச் செலவு செய்யாதீர்கள். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி போதும். 16 ஜிபி கிடைத்தால் நல்லது. கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும்.