பொடியை நிறுத்துங்கள், புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு 62 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய், இயற்கை மருத்துவம், மூலிகை, உடற்பயிற்சி, மாயன்களின் ஆரோக்கிய ரகசியம் என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தார். அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். தினமும் ஏரிப் பக்கம் நடக்கிறார், எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடுவதில்லை, ஐந்து கிலோ இளைத்திருக்கிறார். இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் மாடித் தோட்டத்தில் வைத்த சாயா கீரையை, 'மாயன் கீரை' என்று சொல்லி, தினமும் ஒரு கைப்பிடி பச்சையாகவே மிக்ஸியில் அடித்துக் குடிக்கிறார். ரத்தம் சுத்தமாகும் என்று ஆடுதின்னாப்பாளைப் பொடி வாங்கி வந்து காலையில் ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்கிறார். டாக்டர் கொடுத்த மாத்திரைகளைத் தானே பாதியாக்கிவிட்டார். கேட்டால், "மாயன்னா நம்ம மயன்தான். அவங்க வைத்தியமும் சித்தர் வைத்தியமும் ஒண்ணுதான். படிச்சுட்டு வந்து பேசு" என்கிறார். எல்லாப் புத்தகத்தையும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாமா என்று இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

புத்தகங்கள் இருக்கட்டும். அந்தப் பொடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நாளையோ, டப்பா தீர்ந்த பிறகோ அல்ல, இன்றே. நான் சித்த மருத்துவம் படித்தவள். மூலிகை வேண்டாம் என்று சொல்பவள் அல்ல. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆடுதின்னாப்பாளை நம் பழைய நூல்களில் இருக்கிறது. பூச்சிக்கும் தோல் நோய்க்கும் சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்வரமூலி என்கிற பெருமருந்துக் கொடியும் இதே இனம்தான். இந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நச்சு இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்டது திரும்பாது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் இதை வைத்திருக்கிறது. இது எப்படித் தெரியவந்தது என்பதை உங்கள் கணவருக்கு அவசியம் சொல்லுங்கள். 1990களின் தொடக்கத்தில், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க வைக்கும் சிகிச்சை ஒன்றில் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலாக, கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட, இந்த இனத்தைச் சேர்ந்த இன்னொன்று அதில் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலருக்கு டயாலிசிஸ், பலருக்கு மாற்றுச் சிறுநீரகம், சிலருக்குப் பிறகு புற்றுநோய். மாத்திரையைச் சாப்பிடும்போது அவர்களுக்கு ஆபத்து தெரியவில்லை. உடம்பு இளைக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார்கள்.

நம் முன்னோர் இதைக் கண்டுபிடிக்காமல் போனது அவர்கள் குறையல்ல. பேதியோ வாந்தியோ வந்தால் அன்றைய வைத்தியருக்கு உடனே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் சுருங்கும் சிறுநீரகத்தை நாடி பிடித்து அறிய முடியாது. சர்க்கரையும் பிரஷரும் இருப்பவருக்கு அந்த உறுப்பின் மேல் ஏற்கெனவே பாரம் இருக்கிறது. ஆகவே இந்த வாரமே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், கல்லீரல் செயல்பாடு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இவற்றைப் பார்த்துவிடுங்கள். டாக்டரிடம் பொடியைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். டப்பாவையே எடுத்துக்கொண்டு போங்கள்.

அந்த மூன்று மாதச் சர்க்கரையை நான் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து கிலோ குறைந்தது நடையாலும் பலகாரத்தை விட்டதாலும் இருக்கலாம். மாத்திரையைப் பாதியாக்கியதால் சர்க்கரை ஏறி, உடம்பு தன் சதையையே கரைத்ததாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ராத்திரியில் அடிக்கடி எழுந்து போகிறாரா, தாகம் அதிகமாக இருக்கிறதா, சோர்வு தெரிகிறதா என்று கவனியுங்கள். நடையால்தான் இளைத்தார் என்றால், ரொம்ப நல்லது, மருந்தைக் குறைக்க வேண்டியே வரலாம். ஆனால் அதை ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். பாதியாக்கியதை இப்போது ஒரே நாளில் முழுதாக்குவதும் அவர் சொல்படியே நடக்கட்டும்.

"மாத்திரை எல்லாம் கெமிக்கல்" என்று அவர் சொல்லக்கூடும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் நாட்டு மருந்தாக இருந்த கலேகா என்ற செடியில் சர்க்கரையைக் குறைக்கும் ஒரு பொருள் இருந்தது. செடியை மேய்ந்த ஆடுகள் செத்துப்போகும் அளவுக்கு அது நஞ்சும்கூட. அந்தப் பொருளின் வழியைப் பிடித்துக்கொண்டு, நஞ்சு குறைந்த ஒன்றைத் தேடி வேதியியலார் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். 1957இல் பிரான்சில் ஒரு மருத்துவர் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். உங்கள் கணவர் பாதியாக உடைத்துப் போடும் மாத்திரைக்குப் பின்னால் ஒரு மூலிகைதான் இருக்கிறது.

சாயா கீரைக்கு வருகிறேன். இது நல்ல கீரை. மெக்சிகோவின் யுகடான் பகுதி மாயன் மக்கள் வீட்டுக்கு வீடு வளர்ப்பது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய. ஆனால் மரவள்ளிக் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. மரவள்ளியைப் போலவே பச்சையாக இருக்கும்போது சயனைடை வெளியிடும் சேர்மம் இதிலும் உண்டு. திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவிட்டால் அது ஆவியாகிப் போய்விடும். மாயன் மக்களே பெரும்பாலும் வேகவைத்து, முட்டையோடும், மக்காச்சோள மாவுக்குள் பொதிந்தும்தான் சாப்பிடுகிறார்கள். சில இலைகளை மட்டும் எலுமிச்சைச் சாற்றோடு அடித்துக் குடிக்கிற பழக்கமும் அங்கே இருக்கிறது. புத்தகத்தில் வந்தது அதுவாக இருக்கலாம். தினமும் ஒரு கைப்பிடி பச்சை என்பது வேறு கணக்கு. பதினைந்து இருபது நிமிடம் மூடாமல் வேகவைத்து, பருப்புப் போட்டுக் கூட்டாகச் செய்துகொடுங்கள். மாயன் கீரையை அவர் விட வேண்டியதில்லை.

இனி அந்த மாயன் புத்தகம். உங்கள் கணவருக்கு இதில் உண்மையான ஆசை இருப்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதைக் கேலி செய்து அணைத்துவிடாதீர்கள். கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி போன்ற பெரியவர்களே நம் புராணத்துச் சிற்பி மயனையும் மாயன்களையும் சேர்த்துப் பேசியிருக்கிறார்கள். அது கட்டடக் கலையைப் பார்த்து எழுந்த கருத்து. அதை நான் ஏற்கவில்லை. வைத்தியமும் ஒன்றுதான் என்பதையோ அடுக்களையில் வைத்தே சோதித்துப் பார்த்துவிடலாம். யவனர் கப்பல் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிப் போனதை அகநானூறு சொல்கிறது. மிளகாயைப் பற்றிச் சங்க நூல்களில் ஒரு சொல் கிடையாது. மிளகாய், மக்காச்சோளம், கோகோ, பப்பாளி, கொய்யா எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பொருட்கள். 1498க்குப் பிறகு போர்ச்சுக்கீசியர் கடல்வழி வந்த பின்தான் இவை நம் ஊருக்கு வந்து சேர்ந்தன. அங்கே சுக்கும் மிளகும் திப்பிலியும் மஞ்சளும் கிடையாது. இரண்டு மருத்துவமும் ஒன்றாக இருந்திருந்தால், நம் திரிகடுகத்தில் ஒன்றாவது அவர்களிடம் இருந்திருக்க வேண்டாமா? அவர்களுடைய மிளகாயும் கோகோவும் நம் பழைய ஏடுகளில் இருந்திருக்க வேண்டாமா?

மாயன்களின் பழைய நூல்கள் என்ன ஆயின என்பது நெஞ்சைப் பிசைகிற கதை. 1562 ஜூலை 12 அன்று, யுகடானில் மனி என்ற ஊரில், தியேகோ தெ லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் அவர்களுடைய ஏடுகளைக் குவித்துத் தீ வைத்தார். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ், மெக்சிகோ நகரம் என்று ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. அவற்றில் இருப்பது பெரும்பாலும் வானியலும் சடங்கு நாட்களும். டிரெஸ்டன் ஏட்டில் வெள்ளிக் கோளின் 584 நாள் சுழற்சியை அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். கிரகண அட்டவணையும் உண்டு. வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்தே எழுதியது! படிக்கும்போதே சிலிர்க்கும். ஆனால் சர்க்கரைக்குச் சூரணம் செய்யும் முறை அவற்றில் இல்லை. அவர்களுடைய மருத்துவம் நமக்குத் தெரிவது, ஸ்பானியர் வந்த பிறகு லத்தீன் எழுத்தில் எழுதிவைத்த மாயா மொழிச் சுவடிகளிலிருந்தும், இன்றும் வாழும் மக்களிடமிருந்தும்தான். ஆமாம், இன்றும் வாழ்கிறார்கள். குவாத்தமாலா, மெக்சிகோ, பெலிஸ், ஹோண்டுராஸ் நாடுகளில் லட்சக்கணக்கான மாயன் மக்கள் முப்பது மொழி போலப் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். ஏதோ மறைந்துபோன இனத்தின் ரகசியம் என்று அட்டையில் போட்டிருந்தால், எழுதியவர் அவர்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். 2012 டிசம்பர் 21இல் உலகம் அழியும் என்று மாயன்கள் பெயரைச் சொல்லிப் புத்தகம் விற்றதையும் நாம் பார்த்தோமே.

இவ்வளவு சொல்லிவிட்டு, அவர்களிடம் கற்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, பிறகுதான் அரைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நயாசின் என்ற பி3 வைட்டமின் உடம்பில் சேரும். மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனபோது தானியம் மட்டும் போனது, இந்தப் பக்குவம் போகவில்லை. அதையே உண்டு வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளுக்கும், பிறகு அமெரிக்காவின் தென் மாநிலத்து ஏழைகளுக்கும் பெல்லக்ரா நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பக்குவத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டதன் விலை அது. மூலிகைப் புத்தகத்தையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்ப்பேன். எந்தச் செடி, அதில் வேரா இலையா, சாறா குடிநீரா சூரணமா, எப்படிச் சுத்தி செய்வது (நச்சு நீக்குவது), எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது, இதெல்லாம் இருக்கிறதா? சேராங்கொட்டையையும் நாபி என்கிற கிழங்கையும் சுத்தி முறை சொல்லாமல் எழுதும் புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய நச்சுப் பொருட்கள் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. 'சர்க்கரையை அடியோடு ஒழிக்கலாம்' என்று பின்னட்டையில் இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். அப்படி ஒரு மருந்தை விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

வீட்டில் வேறு என்னென்ன பொடி இருக்கிறது என்றும் பாருங்கள். இருமலுக்கு நல்லதாயிற்றே என்று அதிமதுரத்தைத் தினமும் சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சிறுகுறிஞ்சானும் வெந்தயமும் சர்க்கரையைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் மாத்திரையோடு சேரும்போது அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரலாம். இந்துப்பும் உப்புதான், பிரஷர்காரருக்கு அதில் சலுகை கிடையாது.

உடற்பயிற்சிப் புத்தகத்தில் எனக்குச் சண்டை இல்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்வது. அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும். சர்க்கரையை அதிகம் உறிஞ்சுவது தசைதான். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கப் போகக்கூடாது. சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும், காலில் ஷூ இருக்கட்டும்.

அவரோடு பேசும்போது, "புத்தகம் தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் நல்லதுக்குத்தான் செய்கிறார். இத்தனை வருட வேலைக்குப் பிறகு தன் உடம்பைத் தானே கவனிக்கிறோம் என்ற நிமிர்வு அவருக்கு வந்திருக்கிறது. அதை உடைத்தால் நடையும் நின்றுவிடும். "மூலிகைதானே வேண்டும், வாங்க, முறையாகப் படித்தவர்களிடம் கேட்போம்" என்று தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குக் கூட்டிப் போங்கள். மின்சார ரயிலில் அந்தப் பெயருள்ள நிலையத்திலேயே இறங்கி நடந்துவிடலாம். அரும்பாக்கம் அறிஞர் அண்ணா மருத்துவமனையும் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இப்போது போடும் மாத்திரைகள், வீட்டிலுள்ள எல்லாப் பொடிகள், அந்தப் புத்தகங்கள் என எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடமும் சித்த மருத்துவரிடமும் ஒருவர் கொடுப்பதை மற்றவருக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாயன்களைப் பற்றி மேலும் படிக்க ஆசைப்பட்டால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் இருவரும் போய்வாருங்கள். அவர்களுடைய எழுத்தை எப்படிப் படித்துக் கண்டுபிடித்தார்கள் என்ற வரலாற்றைத் தேடச் சொல்லுங்கள், அதற்கு ஒரு முழு நாள் போதாது. ஆகவே பழைய பேப்பர் கடைக்கு எதையும் போட வேண்டாம். பரிசோதனை முடிவு வந்ததும், குறிப்பாகக் கிரியாட்டினின் கூடுதலாக இருந்தால், அடுத்த நாளே சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.