கொன்றுண்ணிகளோடு குடியிருப்பது: கேள்வி பதில்

கேள்விகளுக்குப் பொதுவாக ஒரு இலக்கணம் வைத்துக்கொள்வோம். கொன்றுண்ணிகள் என்றால் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து நம்மோடு குடியிருப்பவர்கள். பேசுவார்கள், கணக்குப் போடுவார்கள், வாக்குக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள். ஊன் இல்லாமல் உயிர் தரிக்காது. எடை ஆளுக்கு 90 கிலோ. உடலியலும் அறவியலும் உரசுகிற இடத்துக் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியும். பறக்கும் தட்டுப் படங்களை எனக்கு அனுப்ப வேண்டாம்.

1. மனித ஊன் அவர்களுக்குச் செரிக்கும் என்பதே சந்தேகம்தானே ஐயா?

நியாயமான சந்தேகம். நம் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை, நம் உடலின் சர்க்கரைகள் வலக்கை வகை. அவர்களுடைய உயிர்வேதியியல் இதற்கு நேர் எதிரான கண்ணாடிப் பிம்பமாக இருந்தால், நம் தசை அவர்களுக்கு மரத்தூள் மாதிரி. வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது. அப்படியானால் நம்மைக் கொல்வது வெறும் விளையாட்டு. 'பசிக்கு வேறு வழியில்லை' என்ற வாதத்துக்கே அங்கே இடமில்லை, விஷயம் ஒரே வரியில் முடிந்துவிடும். செரிக்கும் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தப் பேச்சுக்கு உயிர் உண்டு.

இதிலிருந்து என் முதல் எச்சரிக்கை: எந்த மூலக்கூறு கிடைக்காவிட்டால் அவர்கள் சாவார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அறம் பேச உட்காராதீர்கள்.

2. கொல்வது அவர்கள் பிறவிக்குணம். பிறவிக்குணத்தைக் குற்றம் சொல்லலாமா?

'பிறவிக்குணம்' என்ற ஒரே மூட்டையில் இரண்டு சரக்கைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

முதல் சரக்கு பசி. பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊன் இல்லாமல் வாழ முடியாத உடம்பு என்பதற்கு நாம் நன்றாக அறிந்த மாதிரி அதுதான். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இல்லாத ஒரே ஒரு வேளை உணவு போதும், சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை சுருண்டு விழும். ஊனில் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல் வெளியானது. அதற்குப் பிறகு தீவன நிறுவனங்கள் டாரினைக் கூட்டிச் சேர்த்தன, அந்த நோய் அரிதாகிவிட்டது. சேர்க்கிற டாரின் ஆலையில் செய்தது. ஆக, பூனைக்கு எலி வேண்டும் என்று நாம் நினைத்திருந்தோம், உண்மையில் அதற்கு வேண்டியிருந்தது டாரின், ஆர்ஜினின், அராக்கிடோனிக் அமிலம், நேரடி வைட்டமின் ஏ என்று ஒரு பட்டியல். எலி என்பது அந்தப் பட்டியலைச் சுமந்து வரும் பொட்டலம்.

இரண்டாவது சரக்கு வேட்டை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். 2021இல் வந்த ஓர் ஆய்வில், ஊன் மிகுந்த உணவு கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 சதவீதம் குறைந்தது. உணவு ஒரு பங்கைக் குறைக்கிறது, விளையாட்டு இன்னொரு பங்கைக் குறைக்கிறது. உந்துதல்கள் இரண்டு என்பதற்கு இதுவே அடையாளம்.

'வேறு வழியில்லை' என்பது பசியைத்தான் மூடும், வேட்டையை மூடாது. பசியையும் முழுக்க மூடுமா என்றால், 1884இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. மிக்னோனெட் என்ற கப்பல் மூழ்கி நான்கு பேர் படகில் தவித்தார்கள். சாகக் கிடந்த 17 வயதுப் பணிப்பையனைக் கொன்று மற்றவர்கள் தின்றார்கள். பசி உண்மை, வேறு உணவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் கொலை கொலைதான் என்று நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது, பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. இந்த இரண்டு முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரக்கம் காட்டலாம், உரிமை என்று ஒப்புக்கொள்ள முடியாது.

3. மரபணுவை மாற்றி அவர்களைச் சைவமாக்கிவிட்டால்?

'ஆக்கிவிட்டால்' என்ற சொல்லிலேயே கோளாறு. அவர்களாகக் கேட்டால் செய்யலாம். கேட்காமல் செய்வதற்குப் பெயர் வேறு.

4. இவ்வளவு வம்பு எதற்கு? முந்திக்கொண்டு நாமே அழித்துவிடக் கூடாதா?

கொல்லக்கூடியவன் என்பதற்காகக் கொல்லலாம் என்றால், அவர்கள் நம்மைக் கொல்வதற்கும் அதே வரி போதும். நாமும் கொல்லக்கூடியவர்கள்தான். செயலுக்குத்தான் தற்காப்பு, திறமைக்கு இல்லை.

5. மணிமேகலையில் சாதுவன் கதை வருகிறது. கப்பல் உடைந்து நரமாமிசம் தின்னும் நாகர் தீவில் ஒதுங்குகிறான். அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைக்கிறான், தலைவனோடு வாதாடுகிறான். மூத்து இறந்ததைத் தின்னுங்கள், கொல்லாதீர்கள் என்று ஒப்பந்தம் ஆகிறது. அதுபோல, தானாக இறந்த மனித உடல்களை இவர்களுக்குக் கொடுத்தால் என்ன?

நல்ல கேள்வி, ஒரு திருத்தத்தோடு. சாதுவன் விட்டுக்கொடுத்தது 'மூத்து விளி மா', அதாவது முதுமையில் இறக்கும் விலங்கு. மனிதப் பிணத்தை அவன் பேரத்தில் வைக்கவே இல்லை. ஆனாலும் அவன் செய்தது கெட்டிக்காரத்தனம். துறவியின் அறத்தை நாகர் தலையில் கட்டவில்லை, அவர்களால் இயன்றதைக் கேட்டான்.

இப்போது உங்கள் யோசனையைக் கணக்கில் போடுவோம். ஓய்வில் செலவாகும் ஆற்றலுக்கு, எடையின் முக்கால் அடுக்கை (90இன் 0.75 அடுக்கு சுமார் 29) 70ஆல் பெருக்குவது வழக்கம். 90 கிலோவுக்கு 2,050 கிலோ கலோரி. நடமாட்டத்துக்கு இரட்டிப்பாக்கினால் 4,100. வளர்ந்த மனித உடலில் தசை சுமார் 25 கிலோ, கிலோவுக்கு 1,300 என்றால் 32,500. ஓர் உடல் ஒருவருக்கு எட்டு நாள். ஆண்டுக்கு 46 உடல். பத்து லட்சம் பேர் வாழும் நகரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8 என்று 8,000 சாவு. ஒன்று விடாமல் கொடுத்தாலும் 174 பேருக்குத்தான் காணும். பாதிப்பேர் சம்மதித்தால் 87.

அடுத்து, மருந்து. முதுமையில் இறக்கும் உடல் மாத்திரைக் கிடங்கு. தெற்காசியாவில் கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. அதற்குள் சில கழுகு இனங்கள் நூற்றுக்கு மூன்றுகூட மிஞ்சவில்லை. விருந்தாளிக்கு என்ன மருந்து நஞ்சு என்று தெரியாமல் பிணத்தைப் பரிமாறுவது நம் பக்கத்து அறக்கேடு.

5ஐக் கேட்டவர் மீண்டும்: அளவு போதாது என்பது அறத்துக்கு எதிரான வாதம் ஆகாதே. சம்மதம் கொடுத்தவர் உடலைக் கொடுக்கலாமா, கூடாதா?

கொடுக்கலாம். நான்கு பூட்டுப் போட்ட பிறகு. சம்மதம் உயிரோடு இருக்கும்போது அவரே கொடுத்ததாக இருக்க வேண்டும், கடைசி மூச்சுவரை திரும்பப் பெறலாம். இறப்பை உறுதி செய்யும் மருத்துவருக்கும் உடலைப் பெறும் தரப்புக்கும் ஒட்டோ உறவோ கூடாது. உறுப்பு மாற்றில் மூளைச்சாவை அறிவிப்பவர்கள் மாற்று அறுவைக் குழுவில் இருக்கக் கூடாது என்பது இதே காரணத்தால்தான். சிறைக்கைதியிடம் சம்மதம் வாங்கக் கூடாது. நான்காவது, காசு, கடன் தள்ளுபடி, வேலை, எதுவும் கைமாறக் கூடாது.

இன்னொருவர் இடையில்: காசு கூடாது என்பது ஏழைக்குத்தான் நட்டம். அவன் உடல், அவன் விலை.

விலை வந்த மறுநாள் சாவுக்காகக் காத்திருக்கும் ஆள் உருவாகிறான். மூன்றாம் மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாத ஆள். தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு ஊன் தருவாரும் இல்லை என்ற குறள் வாங்குபவனைப் பார்த்துச் சொன்னது. இங்கே வாங்குபவன் கையில் நகமும் இருக்கிறது.

அதே நபர்: செத்த உடம்புக்கு வலி ஏது, உரிமை ஏது?

உடம்புக்கு இல்லை. 'என்னை இப்படிச் செய்யாதே' என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு உண்டு, அதைக் கேட்டுக்கொண்டு இன்று உயிரோடிருக்கும் மற்றவர்களுக்கும் உண்டு. என் சொல்லை யாரும் மதிக்கப் போவதில்லை என்று தெரிந்தால் நான் இன்றைக்கே பயந்துதான் வாழ்வேன்.

மற்றொருவர்: மனித ருசி பழகினால் விடுமா? ஆட்கொல்லிப் புலி மாதிரி...

புலியை இழுக்காதீர்கள். ஆட்கொல்லிப் புலிகளில் பல, காயம்பட்டோ பல் தேய்ந்தோ வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனவை. ருசிக் கதை பெரிதும் கதை. அதைவிட முக்கியம், புலியிடம் ஒப்பந்தம் எழுத முடியாது.

அவரே: நீங்கள் பூனையை இழுக்கலாம், நாங்கள் புலியை இழுக்கக் கூடாதா?

உடலுக்கு உவமை காட்டலாம், ஒழுக்கத்துக்குக் காட்டக் கூடாது. பூனையின் கல்லீரல் எனக்குச் சான்று, பூனையின் நடத்தை எனக்கு நியாயம் ஆகாது. 2இல் வேட்டை உந்துதலைக் காட்டியதும் உடல் கணக்கில்தான். இந்தக் கோட்டை நான் தாண்டினால் பிடியுங்கள்.

6. நாம் ஆண்டுக்கு 8,000 கோடிக்கு மேல் நிலவிலங்குகளைக் கொன்று தின்கிறோம். அவர்களைக் கேள்வி கேட்க நமக்கு என்ன யோக்கியதை?

எண்ணிக்கை சரி, பெரும்பகுதி கோழி. யோக்கியதை குறைவு என்பதும் சரி. ஆனால் கேட்பவனின் யோக்கியதை போனால் இரையின் உரிமை போகாது. திருடன் வீட்டுக் குழந்தையைக் கடத்தலாம் என்று யாரும் சொல்வதில்லை. இந்த வாதத்தை நேர்மையாக நீட்டினால் அது கோழிக்குச் சாதகமாகப் போகுமே ஒழிய, கொன்றுண்ணிக்குச் சாதகமாகப் போகாது.

7. அவர்கள் நம்மைவிடப் பலசாலிகள். எதற்கு நம்மோடு நியாயம் பேச வேண்டும்?

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1751லேயே இதை எழுதிவிட்டார்: நம் கோபத்தை உணர்த்தவே முடியாத அளவு நாம் பலவீனர் என்றால், வலியவர் நமக்குத் தரக் கடமைப்பட்டது கனிவு, நீதி இல்லை. எனக்கு இது உடன்பாடில்லை. ஆனால் உடன்படாதவர்கள் அதே வாயால் மாட்டைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. தற்காப்பாக முதலிலேயே குண்டு போட்டுவிட்டால்?

4.

9. ஆய்வுக்கூட ஊன் வளர்த்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? நடைமுறை சொல்லுங்கள்.

முடியாது, ஆனால் தொடங்க வேண்டிய இடம் இதுதான். வளர்ப்பு ஊனில் செய்த முதல் பர்கரை 2013இல் லண்டனில் பொரித்துக் காட்டினார்கள். அதை வளர்த்த ஊடகத்தில், அதாவது செல்களுக்கு ஊட்டம் தரும் கரைசலில், கன்றுக்கருவின் ரத்தச் சீரம் இருந்தது, அதாவது அறுவைக்கூடத்தை ஒரு படி பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். சீரம் இல்லாத ஊடகம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

செல் வளர்க்கும் தொட்டி பெரிதாக ஒன்று வேண்டாம், சிறிதாகப் பல வேண்டும். பாக்டீரியா ஒரு தொட்டிக்குள் புகுந்தால் செல்லைவிடப் பல மடங்கு வேகமாகப் பெருகும், அந்த ஈடு முழுக்கக் குப்பை. ஒரே தொட்டி என்றால் அன்றிரவு 90 கிலோப் பசி தெருவில் இறங்கும். காற்று, நீர், விதைச்செல் மூன்றும் தொட்டிக்குத் தொட்டி தனித்தனி. குறைந்தது 30 நாள் இருப்பு உறைநிலையில் இருக்கட்டும். சில மீன்வகை ஊனாக இருந்தால் உறைந்த நிலையிலும் தயமின் (வைட்டமின் பி1) அழியும், உருக்கிய பிறகு தனியே சேர்க்க வேண்டும்.

எல்லோரும் தவறுகிற இடம் எலும்பு. வெறுந்தசையில் பாஸ்பரஸ், கால்சியத்தைப்போல 15 முதல் 20 மடங்கு. காப்பகங்களில் தசை மட்டும் தின்று வளரும் புலிக்குட்டியின் எலும்பு வளைந்து முறிவது இதனால்தான் (உடல் உவமை, முறைக்காதீர்கள்). கால்சியத்தைப் பாஸ்பரசுக்குச் சற்று மேலே கொண்டுவர எலும்புத்தூளோ கால்சியம் கார்பனேட்டோ சேருங்கள். இதைச் செய்யாமல் மூன்று வருடம் 'அமைதியாக' உணவு கொடுத்துவிட்டு, அவர்கள் குழந்தைகள் நொண்டும்போது நாம் நஞ்சு வைத்ததாக அவர்கள் நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது.

கடைசியாகத் திறவுகோல். உணவைக் கையில் வைத்திருப்பவன் ஆயுதம் வைத்திருப்பவன். தொட்டிகளில் பாதியாவது அவர்கள் ஆளுகையில் இருக்க வேண்டும்.

10. நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கலாமா?

படிக்கலாம். வாக்கின் பொருள் இன்னும் பிடிபடாத வயதில் இரு தரப்புக் குழந்தைகள்மீதும் பழி இல்லை, முழுப் பொறுப்பும் பெரியவர்கள் தலையில். வகுப்பு அவர்கள் உண்டு முடித்த பிறகு. ஓடிப்பிடிக்கும் விளையாட்டு கலந்து வேண்டாம், ஓட்டம் துரத்தலைக் கிளப்பும். அவர்கள் பிள்ளைகளுக்குத் துரத்தத் தனிக்களமும் தினசரி நேரமும் கொடுங்கள். 'அடக்கு' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் வகுப்பறையில் வெடிக்கும்.

11. சைவமாக்கினால்...

3.

12. அழித்துவிட்டால் பிரச்சினையே...

4ஐ வாசித்துவிட்டுக் கேளுங்கள். இதற்கு இனிப் பதில் இல்லை.

13. ஐயா, பிணக் கணக்கில் கொழுப்பை விட்டுவிட்டீர்களே. எட்டு நாள் தப்பு.

விட்டுவிட்டேன். கொழுப்புத் திசு 12 கிலோ, கிலோவுக்கு 7,700 என்றால் 92,400. தசையோடு சேர்த்து ஒன்றேகால் லட்சம், முப்பது நாள் ஆற்றல். ஆனால் ஊனுண்ணிக்குப் புரதம் முதலில் தீரும். 25 கிலோ தசையில் ஐந்து கிலோ புரதம், எடையில் கிலோவுக்கு 4 கிராம் தேவை என்று வைத்தால் நாளுக்கு 360 கிராம், 14 நாளில் காலி. 5இல் 8 என்பதை 14 என்றும், 46ஐ 26 என்றும், 174ஐ 300 சொச்சம் என்றும் திருத்திக்கொள்ளுங்கள். பத்து லட்சம் பேர் நகருக்கு அப்போதும் 300தான்.