சார்ட்டில் மாறிய பழைய விலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2023 ஜூனில் ரிலையன்ஸ் பங்கை 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். புரோக்கர் தந்த காண்ட்ராக்ட் நோட்டிலும் (வாங்கியதற்கான சீட்டு) அதுதான் இருக்கிறது. இப்போது பார்த்தால், அந்த நாளின் விலையை ஒரு சார்ட் 1,250 என்கிறது, இன்னொன்று 1,135 என்கிறது. எதை நம்புவது?

பதில்: நோட்டை நம்புங்கள். மற்ற இரண்டும் பிற்பாடு கணக்குப் போட்டு எழுதிய எண்கள். அன்றைக்கு அந்த விலையில் யாரும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

1,250 வந்தது 2024 அக்டோபர் போனஸால். ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசமாக வந்ததால் விலை பாதி. 1,135-இல் அதற்கு முந்தைய டிமெர்ஜரும், அதாவது ஒரு தொழில் தனி நிறுவனமாகப் பிரிந்ததும், சேர்ந்திருக்கிறது. 2023 ஜூலை 19 அன்று தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயில் ரிலையன்ஸ் 2,841.85-இல் முடிந்தது. மறுநாள் காலை நடந்த சிறப்பு அமர்வில், ஜியோ ஃபைனான்ஷியல் கழிந்த ரிலையன்ஸுக்கு 2,580 என்று விலை அமைந்தது. வித்தியாசம் 261.85. அதாவது ரிலையன்ஸ் சரியவில்லை, ஒரு துண்டு தனியாகக் கழன்றது. அந்தத் துண்டும் ஒன்றுக்கு ஒன்று உங்கள் டீமேட் கணக்குக்கே வந்துவிட்டது. 2,580-ஐ 2,841.85-ஆல் வகுத்தால் 0.9079. சார்ட் தயாரிப்பவர்கள் அதற்கு முந்தைய எல்லா விலைகளையும் இதால் பெருக்கிவிடுவார்கள்; அட்ஜஸ்ட் செய்வது என்பது இதுதான். 1,250 × 0.9079, ஏறக்குறைய 1,135.

வரிக்கு இந்த 0.9079-ஐ எடுத்துவிடாதீர்கள்; பலர் வழுக்குவது இங்கேதான். வருமான வரிக் கணக்கில் அடக்க விலையை (வாங்கிய செலவை) பிரிப்பது சந்தை மதிப்பை வைத்து அல்ல, நிகரச் சொத்தின் புத்தக மதிப்பை வைத்து. ரிலையன்ஸ் அறிவித்த விகிதம் 95.32 : 4.68. உங்கள் 2,500-இல் 117 ரூபாய் ஜியோ ஃபைனான்ஷியலுக்குப் போகும், 2,383 ரிலையன்ஸில் நிற்கும். போனஸ் பங்குக்கு அடக்க விலை பூஜ்யம் என்பதால், 2,383-ஐப் பாதியாக்கவும் கூடாது.

கேள்வி: அட்ஜஸ்ட் செய்யாத சார்ட்டை வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: பழைய விலை நிஜமாக இருக்கும், அந்த விலைகளிலிருந்து கணக்கிடும் இண்டிகேட்டர்கள் பொய் சொல்லும். ஒரே இரவில் 9.2 சதவீதப் பள்ளம் விழுந்ததாக நினைத்து, விலை ஏற்ற இறக்கத்தின் வேகத்தை அளக்கும் ஆர்எஸ்ஐ சட்டென்று தாழும். 200 நாள் சராசரிக்குள் பழைய உயர்ந்த விலைகள் கிடக்கும். அவை முழுக்க வெளியேற 200 வர்த்தக நாள், கிட்டத்தட்ட பத்து மாதம் ஆகும். அதுவரை பங்கு பலவீனமாகவே தெரியும். ரெக்கார்டு தேதிக்கு (புதுப் பங்கு யாருக்கு என்று முடிவாகும் நாள்) முன் போட்ட ஸ்டாப்லாஸ் விலைகளையும் (இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று சொல்லி வைத்தவை) ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் அட்ஜஸ்ட் செய்த சார்ட் என் லாபத்தைச் சரியாகக் காட்டுமா?

பதில்: பிரிந்த பங்கை அன்றே விற்று, அந்தப் பணத்துக்குத் தாய்ப் பங்கையே வாங்கியவருக்குக் காட்டும். வைத்திருப்பவருக்குக் காட்டாது. குழந்தை நிறுவனம் பிறகு இரட்டிப்பானாலும் பாதியானாலும் தாயின் கோடு அசையாது. இரண்டையும் விகிதப்படி நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஐடிசியிலிருந்து ஹோட்டல் தொழில் பிரிந்தபோது பத்துப் பங்குக்கு ஒன்று என்பதால், ஒரு ஐடிசி விலையோடு ஐடிசி ஹோட்டல்ஸ் விலையில் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் ஜிஇயிலிருந்து (ஜெனரல் எலக்ட்ரிக்) 2024 ஏப்ரலில் பிரிந்த வெர்னோவாவுக்கு நாலில் ஒரு பங்கு.

பழைய பிஇ (விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்த விகிதம்) பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறைக்கப்பட்ட பழைய விலையை, பிரிந்த தொழிலின் லாபமும் அடங்கிய பழைய இபிஎஸ்ஸால் (ஒரு பங்குக்கான லாபம்) வகுத்தால், அந்தக் காலத்தில் பங்கு மலிவாகக் கிடைத்தது போலத் தோன்றும். அந்த வகுத்தலுக்கு மட்டும் டிமெர்ஜருக்காகக் குறைக்காத விலையை எடுங்கள்.