கேள்வி–பதில்: ஓமலூரில் மின்தடை

கேள்வி: எங்கள் பள்ளி அறிவியல் மன்றக் கூட்டத்தில், "கணிதப் புத்தகம் ஏன் எப்போதும் சோகமாக இருக்கிறது? அதற்கு அத்தனை பிரச்சினைகள்!" என்ற துணுக்கைச் சொன்னேன். ஒரு மாணவிகூடச் சிரிக்கவில்லை. குறை துணுக்கிலா, என்னிடமா?
— ஓர் ஆசிரியை, அம்மாப்பேட்டை

பதில்: தங்களிடம் குறை இல்லை, மாணவிகளிடம் நிச்சயமாக இல்லை. பயிற்சிக் கணக்கையும் வாழ்க்கைத் தொல்லையையும் ஆங்கிலத்தில் ஒரே சொல் குறிப்பதால் அந்தத் துணுக்கு அங்கே எடுபடுகிறது. நாமோ கணக்கைக் கணக்கு என்றே சொல்கிறோம். 'மூன்றாவது பிரச்சினையைக் கரும்பலகையில் போடு' என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. ஒரு சொல்லின் இரண்டு பொருளும் கேட்பவருக்கு முன்பே பழகியிருந்தால்தான் சிலேடைக்குச் சிரிப்பு வரும். விளக்கம் சொல்லிச் சிரிக்க வைப்பது, ஆறிய காப்பியைச் சுட வைத்துக் கொடுப்பது போன்றது.

நம் பாடநூல்களின் கலைச்சொற்கள் பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொற்களிலிருந்தே எடுக்கப்பட்டவை என்பதால், மொழிபெயர்க்கத் தேவையே இல்லாத துணுக்குகள் அவற்றில் ஏராளமாகக் கிடக்கின்றன. 'மின்தடை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியலில் அது, ஒரு கடத்தி தன் வழியே செல்லும் மின்னோட்டத்தை எதிர்க்கும் பண்பு. நாளிதழிலோ காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்விசிறி சுழலாது என்ற அறிவிப்பு. ஆகவே, மின்தடையின் அலகு என்ன என்று கேட்ட ஆசிரியருக்கு, "மணி நேரம், ஐயா" என்று மாணவன் சொன்னால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. சரியான அலகு, 1827ஆம் ஆண்டில் தம் விதியை நூலாக வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓமின் பெயரைத் தாங்கிய 'ஓம்'. அப்படியானால் சேலத்துக்கு அருகே மின்தடை மிகுந்த ஊர் எது? ஓமலூர். (அவ்வூர் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும், இது மின்வாரியத்தைப் பற்றிய புகார் அன்று.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தடையின் தலைகீழியான மின்கடத்துத்திறனுக்கு, ஓம் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக எழுதி, 'மோ' என்று விளையாட்டாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 1971இல் பன்னாட்டு அலகுமுறை அந்த அலகுக்குச் சீமென்ஸ் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. வியப்பு என்னவென்றால், தமிழிலும் ஓ, ம் என்பதைத் திருப்பிப் போட்டு ம், ஓ என்று புணர்த்தினால் 'மோ' என்றே வருகிறது. மொழி மாறியும் பிழைத்த சிலேடையாக எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். தங்கள் மன்றத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பையின் மதிப்பு என்ன?
— பத்தாம் வகுப்பு மாணவர், ஆத்தூர்

பதில்: தேர்வில் 22/7. கடைவீதியில், துணியைப் பொறுத்தது.

கேள்வி: "ஏற்காட்டுக்கு வந்தால் எடை குறையும், நிறை குறையாது" என்று எங்கள் விடுதிக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்க வைப்பேன். இயற்பியல்படி இது சரிதானா?
— விடுதிப் பணியாளர், ஏற்காடு

பதில்: முழுக்கச் சரி. அத்துடன் நல்ல சிலேடை. 'நிறை' என்பது பொருளின் அளவையும் குறிக்கிறது, ஊரின் சிறப்பையும் குறிக்கிறது. எடையோ புவி நம்மை இழுக்கும் விசை, புவியின் மையத்தை விட்டு விலக விலக அது குறையும். ஆனால் மெலிய விரும்பி வருகிறவர்களுக்கு அளவைச் சொல்லி எச்சரித்துவிடுங்கள். ஏற்காடு சேலம் நகரைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புவியின் ஆரம் ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர். உயரத்தை மட்டும் கணக்கில் கொண்டால், 60 கிலோ மனிதருக்குக் குறைவது 23 கிராம் அளவுதான். காலடியில் இருக்கும் சேர்வராயன் மலையும் தன் பங்குக்கு இழுப்பதால் அதுவும் முழுமையாகக் குறையாது. மலையில் வாங்கித் தின்னும் ஒரு கொய்யாப்பழம் அதைவிடக் கனம். மேலும், இந்தக் குறைவைக் காட்டச் சுருள்வில் தராசு வேண்டும். இருதட்டுத் தராசில் படிக்கல்லின் எடையும் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதால், முள் அசையாது.

மேலே ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் மறுபடி இறங்கி, வீட்டு வாசலிலேயே வந்து நிற்பவரின் இடப்பெயர்ச்சி, அதாவது புறப்பட்ட இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் உள்ள நேர்தொலைவு, சுழியம் என்பதையும் தங்கள் விருந்தினர்களுக்குச் சொல்லலாம். சனிப்பெயர்ச்சிக்கும் குருப்பெயர்ச்சிக்கும் பலன் சொல்லச் சோதிடர் உண்டு. இந்தப் பெயர்ச்சிக்குப் பெட்ரோல் செலவு மட்டுமே பலன்.

கேள்வி: கணக்கை வைத்துச் சிலேடை சொல்வது இக்காலத்து விளையாட்டா, நம் முன்னோரிடமும் இருந்ததா?
— மளிகை வணிகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் ஒரு வெண்பா, "முக்காலுக்கு ஏகாமுன்" என்று தொடங்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அது பின்ன வாய்பாடு: முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, அதாவது 3/4, 1/2, 1/4, 1/8, 1/10, 1/16, 1/20 என்று மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். பொருளோ வேறு. முக்கால் என்பது ஊன்றுகோலை மூன்றாம் காலாகக் கொள்ளும் முதுமை. 'முன்னரை' என்பதைப் பிரித்தால் நரை. 'இருமாமுன்' என்பது இருமல் வருமுன். இவை எல்லாம் வருவதற்கு முன்பே, காஞ்சியில் ஒரு மாமரத்தின் கீழ் இருக்கும் ஏகாம்பரநாதரைப் பாடு என்கிறார். சொல்லைப் பிரிக்காமலே இருபொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்தால் தருவது பிரிமொழிச் சிலேடை என்று அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் வகுக்கிறது. இந்த ஒரே வெண்பாவில் இரண்டும் உண்டு. மேலே சொன்ன மின்தடை முதல் வகை, ஓமலூர் இரண்டாம் வகை.

'மா' என்பது இருபதில் ஒரு பங்கு என்று தெரிந்துகொண்டபின், மாம்பழத்துக்குப் பேர்போன நம் ஊரில் வணிகம் செய்யும் தாங்கள் சற்று விழிப்பாக இருங்கள். இருபது மா வாங்கிய வாடிக்கையாளர், "கணக்குப்படி இருபது மா சேர்ந்தது ஒன்று" என்று ஒரு பழத்துக்கு மட்டும் காசு நீட்டக்கூடும். அப்படி நீட்டினால், சேலம் ஒரு மாவட்டம் என்றும், வட்டத்தில் ஒரு மா என்பது 18 பாகை என்றும் சொல்லி, அந்தக் கோணத்தில் கடை வாசலை நோக்கித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.