பைரேட்ஸ் அணியால் பால் ஸ்கீன்ஸை நீண்ட காலம் தக்கவைத்துக்கொள்ள முடியுமா?

விதிப்படி பார்த்தால் 2029 சீசன் முடியும்வரை முடியும். அதற்கு மேல் முடியாது என்பது என் கணிப்பு. 2029 வரையே வைத்திருப்பார்களா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். நான் பிட்ஸ்பர்க்வாசி, எங்கள் ஊர் பேஸ்பால் அணியான பைரேட்ஸின் ரசிகன். ஆகவே பதிலில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக ஆளைப் பற்றி ஒரு சிறு அறிமுகம். ஸ்கீன்ஸ் ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 2023 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நாட்டிலேயே முதல் ஆளாக பைரேட்ஸ் எடுத்தது. கையெழுத்துப் போட்டதற்கே 92 லட்சம் டாலர். 2024 மே 11 அன்று முதல் ஆட்டம் ஆடினார், அந்த வருடமே நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, அதுவும் ஏகமனதாக. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ரன்கூட விட்டுக்கொடுக்கவில்லை (1.97). அப்படி வீசியும் அந்த வருடம் அவர் பெயரில் 10 வெற்றி, 10 தோல்வி. இவர் ரன் கொடுக்காமல் இருந்து என்ன பயன், நம்மாட்கள் அடித்தால்தானே?

சரி, விதிக்கு வருவோம். மேஜர் லீகில் ஒரு வீரர் ஆறு வருட சர்வீஸ் முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, விரும்பிய அணிக்குப் போகலாம். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். 2026-க்கு அது 7,80,000 டாலர். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன்: இரண்டு தரப்பும் ஆளுக்கொரு தொகை சொல்லி, ஒத்துவராவிட்டால் நடுவர்கள் முடிவு செய்வார்கள். ஆக, ஒரு பொடியனைக் கண்டுபிடித்த ஏழை அணியின் கையில் அவன் ஆறு வருடம் மலிவு விலையில் இருப்பான். வேறு அணி அவனை ஏலம் கேட்க முடியாது.

இதில் ஒரு வருட சர்வீஸ் என்பது மேஜர் லீக் அணியில் 172 நாள் இருப்பது. அணிகள் இங்கேதான் விளையாடும். 2015-ல் சிகாகோ கப்ஸ், கிரிஸ் பிரையன்ட்டை சீசன் தொடங்கியதும் அழைக்காமல் ஏப்ரல் 17 வரை மைனர் லீகில் உட்கார வைத்தது. வருடக் கடைசியில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! அதனால் கப்ஸுக்கு இன்னொரு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. அவர் முறையிட்டும் பார்த்தார், தீர்ப்பு அணிக்கே சாதகமாக வந்தது.

2022-ல் போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். முன்னணி இளம் வீரர்கள் பட்டியலில் இருந்தவர் புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்துவிட்டால், எத்தனை நாள் ஆடியிருந்தாலும் முழு வருட சர்வீஸ். ஸ்கீன்ஸ் மே மாதம்தான் வந்தார். சாதாரணமாக என்றால் 2030 வரை பைரேட்ஸ் கையில் இருந்திருப்பார். விருது வாங்கினார், ஒரு வருடம் போயிற்று. ஊரே கொண்டாடிய அந்த விருதால் அணிக்கு நஷ்டம்.

இனி நீண்டகால ஒப்பந்தம். இளம் வீரர் ஏன் அதில் கையெழுத்துப் போடுகிறார்? பெரும்பாலும் கையில் காசு இல்லாததால். அட்லாண்டா பிரேவ்ஸ் இதில் கில்லாடி. வெனிசுவேலாவிலிருந்து வந்த ரொனால்ட் அக்குன்யாவுக்குத் தொடக்கத்தில் கிடைத்த போனஸ் வெறும் 1,00,000 டாலர். 2019-ல் எட்டு வருடத்துக்குப் பத்து கோடி டாலர் என்று நீட்டினார்கள், வாங்கிக்கொண்டார். அதே மாதம் ஆசி ஆல்பிஸ் ஏழு வருடத்துக்கு மூன்றரை கோடிக்குக் கையெழுத்துப் போட்டபோது, அடிமாட்டு விலை என்று பாதி அமெரிக்கா அவருக்காக வருத்தப்பட்டது. ஆனால் அவர் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்? குடும்பத்துக்கே மூன்று தலைமுறைக்கு ஆச்சு என்று நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஸ்கீன்ஸிடம் இந்த வித்தை பலிக்காது. வரும்போதே 92 லட்சத்துடன் வந்தவர். விளம்பர வருமானம் தனி. அவசரமே இல்லை.

அவருக்கு இருக்கும் ஒரே பயம் முழங்கை. பிட்சர்களுக்கு அது எப்போது கிழியும் என்று யாருக்கும் தெரியாது. அட்லாண்டாவின் ஸ்பென்சர் ஸ்டிரைடர் 2022-ல் ஆறு வருடம், ஏழரை கோடி டாலருக்குச் சம்மதித்தார். 2024 ஏப்ரலில் முழங்கை அறுவைச் சிகிச்சை, அந்த சீசனே போச்சு. ஆனால் சம்பளம் பாதுகாப்பாக இருந்தது. ஸ்கீன்ஸின் ஏஜென்ட் இதை யோசிக்காமல் இருக்க மாட்டார். அணி முதலாளியும் இதையேதான் எதிர்ப்பக்கத்திலிருந்து யோசிப்பார்: முப்பது கோடி கொடுத்து, அடுத்த மாதம் கை போய்விட்டால்? பணக்கார அணி அதைத் தாங்கும். ஜப்பானியப் பிட்சர் யமமோட்டோ அமெரிக்காவில் ஒரு பந்துகூட வீசாத நிலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அவருக்கு 32.5 கோடி எழுதிக்கொடுத்தது. 2023-ல் பிரையன் ரெனால்ட்ஸுக்கு பைரேட்ஸ் கொடுத்தது எட்டு வருடத்துக்கு 10.675 கோடி. அதுவே அதுவரை அணியின் நூறு வருடத்துக்கும் மேலான வரலாற்றில் மிகப் பெரிய ஒப்பந்தம்!

அப்படியானால் சின்ன ஊர் அணிகளுக்கு வழியே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கான்சஸ் சிட்டி ராயல்ஸைப் பாருங்கள். பாபி விட் ஜூனியரும் ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பாவே மேஜர் லீக் பிட்சர், மகனுக்கு டிராஃப்ட் போனஸ் மட்டும் 77 லட்சத்துக்கு மேல். ராயல்ஸ் 2023-ல் 106 ஆட்டங்களில் தோற்ற அணி. அப்படிப்பட்ட அணியில் அவர் 2024 பிப்ரவரியில் 11 வருடம், கிட்டத்தட்ட 28.9 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். ஏன்? அந்தக் குளிர்காலத்தில் அணி சும்மா இருக்கவில்லை. செத் லூகோ, மைக்கேல் வாக்கா என்று பிட்சர்களை வாங்கி, பத்து கோடிக்கு மேல் செலவு செய்தது. ஜெயிக்க நினைக்கிறார்கள் என்பது அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அந்த வருடமே 86 வெற்றியுடன் பிளே-ஆஃப் போனார்கள். இன்னொன்று, இடையில் 2030-க்குப் பிறகு அவர் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். அதனால் 11 வருடம் என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பைரேட்ஸில் இதுதான் இல்லை. கடைசியாக பிளே-ஆஃப் பார்த்தது 2015-ல். 2025-ல் 91 தோல்வி. அந்த வருடம் சொந்த மைதானத்தின் முதல் ஆட்டத்தன்றே முதலாளி பாப் நட்டிங்கிடம் அணியை விற்கச் சொல்லி வானத்தில் விமானம் பேனரை இழுத்துக்கொண்டு போனது. இதையெல்லாம் மைதானத்தின் நடுவே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் இளம் பையன் எதை நம்பி இங்கே பத்து வருடம் எழுதிக்கொடுப்பான்? பணம் எவ்வளவு நீட்டினாலும் மறுப்பவர்களும் உண்டு. வாஷிங்டன் 44 கோடி தருகிறேன் என்றதற்கு ஹுவான் சோட்டோ 2022-ல் முடியாது என்றார். இரண்டரை வருடத்தில் மெட்ஸ் கொடுத்தது 76.5 கோடி.

பைரேட்ஸின் மைதானமான பி.என்.சி. பார்க் போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். எங்கள் ஊர் ஆட்கள் ஜெர்ஸி வாங்கும்போது ரொம்ப யோசிப்பார்கள். கடையில் ஸ்கீன்ஸின் 30-ஐ எடுத்து, பின்பக்கம் திருப்பிப் பெயரைப் பார்த்து, விலைச்சீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டு, கிளெமென்ட்டேயின் 21-ஐ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ராபர்ட்டோ கிளெமென்ட்டே மேஜர் லீகில் ஆடிய 18 வருடமும் இங்கேதான் ஆடினார், 1972-ல் விமான விபத்தில் இறந்தார். இனி அவரை யாரும் டிரேட் பண்ண முடியாது என்பது என் நண்பர் சொல்லும் காரணம். ஆனால் ஒன்று, கிளெமென்ட்டே காலத்தில் வீரருக்கு வெளியேறும் உரிமையே கிடையாது. ஃப்ரீ ஏஜென்சிக்கு வழி திறந்த தீர்ப்பு வந்தது 1975 டிசம்பரில். அந்தக் கால விசுவாசத்தை இந்தக் காலப் பையன்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எனக்குத் தெரிந்து ஸ்கீன்ஸுக்குச் சரியான முன்னுதாரணம் கெரிட் கோல். அவரும் பிட்சர், அவரையும் 2011 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்தது பைரேட்ஸ்தான். 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டார்கள். பதிலுக்கு வந்த நான்கு பேரில் ஒருவர்கூட இங்கே நட்சத்திரம் ஆகவில்லை. கோல் 2019 டிசம்பரில் யாங்கீஸுடன் 32.4 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார்.

கோலை அனுப்பியபோது அவருக்கு இன்னும் இரண்டு சீசன் பாக்கி இருந்தது. வாங்குகிற அணி நல்ல விலை கொடுக்க அந்த இரண்டு வருடமாவது வேண்டும். அதே கணக்கை ஸ்கீன்ஸுக்குப் போட்டால் 2027 சீசன் முடிந்து வரும் குளிர்காலம். இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. புதிய ஒப்பந்தத்தில் விதிகள் மாறினால் இந்தக் கணக்கும் மாறலாம். மாறாவிட்டால், அவர் வீசுவதைப் பார்க்க நினைப்பவர்கள் 2027-க்குள் ஒரு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.