டேக்அவுட் கேள்வி பதில்: பந்தயப் பணத்தில் எவ்வளவு எடுக்கலாம்?

கேள்வி (மதுரை): டேக்அவுட் என்றால் என்ன?

குதிரைப் பந்தயத்தில் எல்லோரும் கட்டுகிற பணத்தைக் கிளப் ஒரே பூலாகச் சேர்த்து நடத்தும் முறைதான் டோட். அந்த டோட்டில் சேரும் பணத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பதற்கு முன் கிளப்பும் அரசும் எடுத்துக்கொள்ளும் பங்கு. 1 லட்சம் சேர்ந்து, 20 சதவீதம் எடுத்தால் மிச்சம் 80,000. ஜெயித்த குதிரைமேல் 25,000 விழுந்திருந்தால் ரூபாய்க்கு 3.20 கிடைக்கும்.

கேள்வி (கோவை): சதவீதத்தைக் கூட்டினால் கிளப்புக்கு வருமானம் கூடத்தானே செய்யும்?

எல்லா நிர்வாகங்களும் சறுக்குகிற இடம் இது. ரேஸுக்கு வருகிறவர் 100 ரூபாயை ஒரே தடவை கட்டிவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. கைக்கு வந்ததைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார். 16 சதவீதம் பிடித்தால் ஐந்து ரேஸுக்குப் பின் சராசரியாக 42 ரூபாய் மிஞ்சும். 22 சதவீதம் பிடித்தால் 29தான். அந்த 100 முழுதும் தீரும்வரை அவர் ஆடினால், முதல் கணக்கில் மொத்தம் 625 ரூபாய்க்குப் பந்தயம் நடந்திருக்கும், இரண்டாவதில் சுமார் 455. எடுத்தவர்களுக்குப் போனது இரண்டிலும் அதே 100! கூட்டியதால் நடந்தது, ஆட்டக்காரரின் பை சீக்கிரம் காலியானது மட்டும்தான். அப்படிப் போனவர் அடுத்த வாரம் வருவது சந்தேகம்.

அமெரிக்காவில் சர்ச்சில் டவுன்ஸ் ரேஸ் மைதானம் 2014இல் டேக்அவுட்டை வின், பிளேஸ், ஷோ (குதிரை முதலாவதாக, முதல் இரண்டுக்குள், முதல் மூன்றுக்குள் வருவது) பந்தயங்களுக்கு 16இலிருந்து 17.5 ஆகவும், மற்றவற்றுக்கு 19இலிருந்து 22 ஆகவும் ஏற்றியது. ஆட்டக்காரர்கள் புறக்கணித்தார்கள், பந்தயத் தொகை நன்றாகவே இறங்கியது. அந்த சீசனில் ரேஸ்களின் எண்ணிக்கையும் குறைவு என்பதால் பழி முழுவதையும் ஏற்றத்தின்மேல் போட மாட்டேன். ஆனால் பெரும் பங்கு அதற்குத்தான்.

கேள்வி (சேலம்): இந்த சனிக்கிழமை எந்தக் குதிரை?

டிப்ஸ் தருவதில்லை.

கேள்வி (வேளச்சேரி): இந்தியாவில் இப்போது எவ்வளவு பிடிக்கிறார்கள்?

2017 ஜூலையில் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. கிளப்பின் கமிஷன்மேல் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை, கட்டுகிற முழுப் பணத்தின்மேலும் வந்தது. கமிஷன்மேல் மட்டும்தான் வரி என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. 2023இல் சட்டத்தையே திருத்தி முழுத்தொகைக்கும் வரியை உறுதி செய்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம்.

100 ரூபாய் பந்தயத்துக்கு வரி 40. கிளப் 10 எடுப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கையைவிட்டுப் போனது 140, பூலில் நின்றது 90. குதிரை கேட்டைத் தாண்டும் முன்பே நூற்றுக்குக் கிட்டத்தட்ட 36 ரூபாய் போய்விட்டது. எவ்வளவு கெட்டிக்காரராலும் இதைத் தாண்டி ஜெயிப்பது மிகமிகக் கடினம்.

கேள்வி (திருப்பூர்): சூதாட்டத்துக்கு 40 என்ன, 80கூடப் போடலாம். ஜனங்கள் திருந்துவார்கள்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில். அது இருக்கட்டும்.

மீண்டும் திருப்பூர்: சட்டம் வேறு, குடும்பம் வேறு. வரியால் ஆட்டம் குறைந்தால் நல்லதுதானே?

குடும்பத்தை நினைத்துத்தான் நானும் சொல்கிறேன். ஆட்டம் குறைவதைவிட இடம் மாறுவதுதான் அதிகம். டோட்டில் காசை வைத்தால்தான் டிக்கெட். திருட்டு புக்கியோ (தானே பந்தயம் எழுதிக்கொள்கிறவன்) ஃபோனிலேயே வரியில்லாமல், கடனுக்கு எழுதிக்கொள்வான். வீடு போவது அந்தக் கடனில்தான். கடனுக்குப் பந்தயம் கட்டாதீர்கள், யார் எழுதிக்கொண்டாலும்.

அங்கே போகிற பணத்தில் ஒரு காசும் பரிசுத் தொகைக்கு வராது. பரிசு சுருங்கினால் ஓனர் புதுக் குதிரை வாங்க மாட்டார். குதிரை குறைந்தால் டிரெயினருக்கு வருமானமில்லை, விடியற்காலையில் லாயத்தைச் சுத்தம் செய்து குதிரையைத் தேய்த்துவிடுகிற சைஸ் என்ற குதிரைக்காரருக்கு வேலையில்லை. ஒரு ரேஸில் ஐந்து குதிரைதான் ஓடுகிறது என்றால் ஆட்டக்காரருக்கும் சுவாரசியம் போய்விடும்.

பிரிட்டனில் புக்கிகள் 9 சதவீதம் பிடித்த காலத்தில் பணம் வெளிநாட்டு புக்கிகளுக்கு ஓடியது. 2001 அக்டோபரில் பந்தயத்தின் மேலிருந்த வரியை எடுத்துவிட்டு, புக்கியின் மொத்த லாபத்தில் 15 சதவீதம் என்று மாற்றினார்கள். இங்கேயும் அதைத்தான் கேட்கிறோம்.

கேள்வி (ஈரோடு): 40 சதவீதம் என்பது லாபத்துக்குத்தானே?

இல்லை. வேளச்சேரிக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (திருச்சி): ஜாக்பாட் கட்டலாமா?

டானலா (முதல் மூன்று குதிரைகளை வரிசையாகச் சொல்வது), ஜாக்பாட் (தொடர்ந்து பல ரேஸ்களில் ஜெயிக்கும் குதிரைகளைச் சொல்வது) போன்றவற்றில் கமிஷன் பெரும்பாலும் வின், பிளேஸைவிட அதிகம். கிளப்பின் விகிதத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். கடனுக்கு வேண்டாம்.

கேள்வி (தாம்பரம்): சனிக்கிழமைக்கு ஒரு குதிரை மட்டும் சொல்லுங்களேன்?

சேலத்துக்குச் சொன்னதுதான்.