வாசகர் கேள்வி – அக்கா பதில்: மீட்கப்பட்ட பிள்ளைய மேடையேத்தி சாட்சி சொல்ல வைக்கலாமா?

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். எங்க சபை பெண்கள் ஐக்கியத்துல மாசாமாசம் காணிக்கை சேர்த்து ஜார்க்கண்ட்ல ஒரு பணித்தளத்துக்கு அனுப்புறோம். ஆதிவாசி பொண்ணுங்கள வேலை வாங்கித் தர்றேன்னு ஏமாத்தி டெல்லிக்கு கூட்டிட்டுப் போயிடுறாங்க, அவங்கள மீட்கிற ஊழியம்னு சொன்னாங்க. இந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அப்படி மீட்கப்பட்ட ஒரு பொண்ண வரவழைச்சு சாட்சி சொல்ல வைக்கலாம்னு கமிட்டில பேசுறாங்க, சனங்க நேர்ல கேட்டா காணிக்கை கூடும்னு. எனக்கு மனசு ஒப்பல, ஆனா காரணம் சொல்லத் தெரியல. – ஒரு சகோதரி, பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, உங்க மனசு சொல்றதுதான் சரி. அந்தப் பிள்ளைய கூட்டிட்டு வராதீங்க. கமிட்டில காரணம் கேட்டா முதல்ல சட்டத்த சொல்லுங்க, அப்போதான் பேச்சு நிக்கும். 18 வயசுக்குக் கீழ இருந்தா சிறார் நீதிச் சட்டம் 2015, 74வது பிரிவுப்படி பேரு, படம், பள்ளிக்கூடம்னு அந்தப் பிள்ளைய அடையாளம் காட்டுற எதையும் பத்திரிகைலயோ வீடியோலயோ வெளியிடக் கூடாது. பாலியல் கொடுமை நடந்திருந்தா எந்த வயசா இருந்தாலும் அடையாளத்த வெளிய விடக் கூடாதுன்னு தனியா சட்டம் இருக்கு. நம்ம பண்டிகை எல்லாம் இப்ப யூடியூப்ல லைவ் போகுது, யாரோ ஒருத்தர் போன்ல எடுத்து வாட்ஸ்அப்ல போட்டா அது ஜார்க்கண்ட்ல இருக்கிற அவ கிராமத்துக்கே போய்ச் சேர்ந்துடும்.

சட்டத்த விடுங்க, நான் கண்ணால பார்த்தத சொல்றேன். ஜார்க்கண்ட்ல சிம்டேகா மாவட்டத்துல ஒரு பெண்கள் விடுதில 9 வருஷம் இருந்தேன். ஒரு கிறிஸ்மஸ் சமயம் டெல்லில இருந்து திரும்பி வந்த ஒரு பிள்ளை எங்ககூட தங்கியிருந்தா, அப்போ தெற்க இருந்து விருந்தாளிங்க வந்தாங்க, ஜெபக்கூட்டத்துல அவள பேசச் சொன்னாங்க, நானும் தடுக்கல, நல்லதுதானேன்னு நினைச்சேன். அவ பேசினா, எல்லாரும் அழுதாங்க, காணிக்கையும் வந்துச்சு. அப்புறம் மூணு வாரம் அவ யார் முகத்தையும் பார்க்கல. சாப்பாட்டுத் தட்ட எடுத்துட்டுப் போய் கிணத்துப் பக்கம் தனியா உக்காந்து சாப்பிடுவா. ஒருநாள் எங்கிட்ட கேட்டா, தீதி (அக்கா), இனிமே யார் வந்தாலும் நான் அதை சொல்லணுமா? அன்னைக்கு இருந்து எங்க விடுதில எந்தப் பிள்ளையையும் நான் சாட்சி சொல்ல நிறுத்துனதில்ல. அவளா சொல்ல வந்தா அவ நம்புற ஒருத்தர்கிட்ட கதவ சாத்திட்டு சொல்லட்டும், அது போதும்.

இன்னொன்னும் சொல்லணும். மீட்பு மீட்புன்னு நாம காணிக்கை கொடுக்கிறோமே, அங்க பல வருஷம் இருந்தவங்கள கேளுங்க, போலீஸோட போய் கதவத் தட்டுற நாள் ஒரே ஒரு நாள்தான், மிச்சம் எல்லாம் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்கிற வேலை.

கும்லா, சிம்டேகா, குந்தி பக்கம் நிறைய குடும்பத்துக்கு மழைய நம்பி ஒரே ஒரு போகம் நெல்லு, அறுப்பு முடிஞ்சா ஊர்ல வேலை கிடையாது. அந்த நேரம் பார்த்துதான் ஆள் வரும். வர்றது மீசை வச்ச வில்லன் இல்ல தங்கச்சி, அத்தை முறை ஆவுறவங்க, ஒண்ணா படிச்ச அக்கா, போன வருஷம் டெல்லி போயிட்டு புது சுடிதார் புது போனோட வந்தவ, வாரச்சந்தைல பார்த்து வர்றியான்னு கேப்பாங்க. வீட்ல சொல்லாமயே ராஞ்சியிலயோ ரூர்கேலாவுலயோ ரயில் ஏறிடுவா. டெல்லில பிளேஸ்மென்ட் ஏஜென்சின்னு ஒரு ரூம், அங்க இருந்து ஒரு வீட்டுக்கு 11 மாச ஒப்பந்தம், வீட்டுக்காரங்ககிட்ட கமிஷன் வாங்கினது போக அவ சம்பளத்தையும் ஏஜென்சியே வாங்கிக்கும், ஊருக்குப் போகும்போது மொத்தமா தர்றேன்னு சொல்லுவாங்க. போனையும் வாங்கி வச்சுக்குவாங்க, அவளுக்கு தெருப் பேரு கூட தெரியாது. சில பிள்ளைங்க இதைவிட மோசமான இடத்துக்குப் போயிடுறாங்க, சிலர ஹரியானா பக்கம் கல்யாணம்னு சொல்லி வித்துடுறாங்க. நம்ம ஊருக்கும் இதுல தொடர்பு உண்டு, தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ராஞ்சி, ரூர்கேலா வழியா வந்து திருப்பூர், கோயம்புத்தூர்லயும் நிக்குது, மில்லு ஹாஸ்டல்ல சாத்ரி (ஜார்க்கண்ட் பக்கத்து பேச்சு மொழி) பேசுற பிள்ளைங்கள நீங்களே பார்க்கலாம். வேலைக்கு வர்றது தப்பே இல்ல, சம்பளம் யார் கைக்குப் போகுது, நினைச்சா அவளால கிளம்பிப் போக முடியுமான்னுதான் பார்க்கணும்.

அதனால முன்னாடி செய்யுற வேலைதான் பெருசு. எட்டாவதோட நின்ன பிள்ளை அடுத்த அறுப்புக்குள்ள ஊர்ல இருக்க மாட்டா, இது எங்க விடுதில எல்லாருக்கும் மனப்பாடம். அவள பன்னெண்டாவது வரைக்கும் விடுதில வச்சு படிக்க வச்சாலே பாதி ஆபத்து தாண்டிடும். பெண்கள் குழு, சின்ன கடன், வாரச்சந்தைல போய் சும்மா உக்காந்து யார் யாரோட பேசுறாங்கன்னு கவனிக்கிறது, ஊரைவிட்டு யாரு எங்க யாரோட போறாங்கன்னு பஞ்சாயத்துல ஒரு நோட்டுல எழுத வைக்கிறது, இதெல்லாம் கேக்க சாதாரணமா இருக்கும், மேடைல சொன்னா யாரும் அழ மாட்டாங்க. ஆனா பிள்ளை காணாமப் போனா அந்த நோட்டுதான் கைல இருக்கிற ஒரே ஆதாரம். காணாமப் போன குழந்தை விஷயத்துல உடனே எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதை கைல வச்சுகிட்டுதான் எங்க சிஸ்டருங்க ஸ்டேஷன்ல போய் நிப்பாங்க.

திரும்பி வந்த பிறகு நடக்கிறதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். கெட்டுப்போயிட்டு வந்தவன்னு ஊர் பேசும், அதுல நம்ம சபைக்காரங்களும் உண்டு, இதை மறைக்க மாட்டேன். பாடகர் குழுல இருந்த பிள்ளைய திரும்பி வந்ததும் சேர்க்காத மூப்பர்கள பார்த்திருக்கேன். அவ என்ன தப்பு பண்ணினா? அப்படி ஒதுக்கின பிள்ளைங்க பலர் ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி ரயில் ஏறிட்டாங்க, இந்த தடவை யாரும் ஏமாத்தல, இங்க இருக்க முடியாமதான் போனாங்க.

கொத்தடிமையா வேலை வாங்கியிருந்தா மாஜிஸ்ட்ரேட் விடுதலைச் சான்றிதழ் கொடுக்கணும், 2016ல வந்த மத்திய அரசு திட்டத்துல கடத்தல் மாதிரி கொடுமையான வழக்குகள்ல பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 3 லட்சம் வரைக்கும் மறுவாழ்வு உதவி உண்டு. அந்தக் காகிதத்த வாங்க எத்தனை நடை நடக்கணும் தெரியுமா, டெல்லில வாங்க வேண்டியத ஊருக்கு வந்த பிறகு யாரு போய் வாங்குவா? வழக்கு வாய்தாவுக்கு அந்தப் பிள்ளையும் அம்மாவும் ஒரு சிஸ்டரும் ராஞ்சில இருந்து டெல்லி போய்ட்டு வர செலவு, தங்க இடம், அன்னைக்கு விட்ட கூலி. உங்க காணிக்கை இதுக்குப் போகட்டும் தங்கச்சி. பணித்தளத்துக்கு கடிதம் எழுதி, சாட்சி வேண்டாம், விடுதி பீஸுக்கும் வாய்தா செலவுக்கும் எவ்ளோ ஆச்சுன்னு மட்டும் வருஷத்துக்கு ஒருதரம் சொல்லுங்கன்னு கேளுங்க. பண்டிகைல ஒரு மூப்பரோ நீங்களோ அந்தக் கணக்க வாசிங்க.

கேள்வி: என்கூட வேலை செய்யுற நண்பர், மிஷனரிங்க இப்படி உதவி பண்றதே மதம் மாத்தத்தான்னு சொல்றார். என்ன பதில் சொல்றது அக்கா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பிரதர், கோவப்படாம பேசுங்க, அவர் கேக்குறது நியாயமான கேள்வி. ஆபத்துல இருக்கிற பிள்ளைக்கு சோறும் பாயும் கொடுத்துட்டு அதுக்கு பதிலா ஞானஸ்நானம் எதிர்பார்த்தா அது தப்பு, ஜார்க்கண்ட்ல 2017 மதச் சுதந்திரச் சட்டப்படி ஆசை காட்டி மாத்தினா சிறை தண்டனையே உண்டு. சட்டம் இல்லாட்டியும் தப்புதான். எங்க விடுதில பாதிக்கு மேல சர்னாங்கிற ஆதிவாசி இயற்கை வழிபாட்டுப் பிள்ளைங்க, அவங்க வசந்தப் பண்டிகை சர்ஹூல் வந்தா சால் பூ வச்சுகிட்டு ஊருக்குப் போவாங்க, காலை ஜெபத்துக்கு வரணும்னு கட்டாயம் இல்ல. அப்படி இல்லாத விடுதி எங்கயாவது இருந்தா நாமளே தட்டிக் கேக்கணும்.

அதே நேரம் வரலாறையும் அவர்கிட்ட சொல்லுங்க. 1885ல ராஞ்சி பக்கம் தோர்பாவுக்கு வந்த பெல்ஜியம் பாதிரியார் கான்ஸ்டன்ட் லீவன்ஸ், முண்டா ஆதிவாசி ஜனங்க ஜமீன்தார்கிட்ட நிலத்த இழக்கிறத பார்த்து கோர்ட் வழக்குல உதவினார். பின்னாடி வந்த ஜான் ஹாஃப்மன் ஆதிவாசி நிலத்த பாதுகாக்கிற 1908 சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாக உழைச்சார், அடுத்த வருஷமே கந்துவட்டில இருந்து தப்பிக்க கூட்டுறவுக் கடன் சங்கம் ஆரம்பிச்சார். நிலமும் கடனும்தான் இன்னைக்கும் பிள்ளைய ரயில் ஏத்துது. இன்னொன்னு, மிஷனரின்னா வெளிநாட்டுக்காரங்கன்னு நினைக்கிறார்ல, ராஞ்சில 1897ல புனித அன்னாள் புதல்வியர் சபைய ஆரம்பிச்சது பெர்னதெத் கிஸ்போட்டான்னு ஒரு உராவ் ஆதிவாசி பொண்ணு, கூட மூணு பொண்ணுங்க. இன்னைக்கு வாரச்சந்தைல உக்காந்திருக்கிற சிஸ்டருங்க நிறைய பேர் அதே ஆதிவாசி வீட்டுப் பிள்ளைங்கதான், கடத்துறவன் பேசுற பாஷை அவங்களுக்கு தாய்மொழி.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட்ல எதிர் வீட்ல ஒரு வடக்கத்தி பொண்ணு வேலைக்கு இருக்கா, 15 வயசு கூட இருக்காது, வெளிய வந்து பார்த்ததே இல்ல. தலையிடலாமா? – ஒரு வாசகி, சென்னை

பதில்: தலையிடுங்க. ஆனா அந்த வீட்டுக் கதவத் தட்டி சண்டை போடாதீங்க, ராத்திரியோட ராத்திரியா அவள வேற இடத்துக்கு மாத்திடுவாங்க. குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க, உங்க பேரு சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. ஆதார்ல 19ன்னு இருக்குன்னு சொல்லுவாங்க, வயச முடிவு பண்றது குழந்தைகள் நலக் குழுவோட வேலை, நீங்க பயப்படாதீங்க. 18க்குக் கீழ உள்ள பிள்ளைய அடைச்சு வச்சு வேலை வாங்கினாலோ, சம்பளத்த கொடுக்காம வச்சுகிட்டாலோ 5 வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் அபராதம். அவளே விரும்பி வந்தான்னு சொன்னாலும் எடுபடாது, கடத்தல் வழக்குல சம்மதம் ஒரு பொருட்டே இல்லன்னு இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 143வது பிரிவுலயே இருக்கு.

படிக்கட்டுல எப்பவாவது அவள தனியா பார்த்தா ஒண்ணும் கேக்காதீங்க, சிரிங்க. சாத்ரில தோர் நாம் கா ஹெக்கே-ன்னா உன் பேரு என்னன்னு அர்த்தம். அவ ஊர் பாஷைல யாராவது பேரு கேட்டு எத்தனை மாசம் ஆச்சோ.